சிஸ்டர் சுப்புலட்சுமி பற்றி 5 நிமிஷம் பேச வேண்டும், "முதல் பட்டதாரி, பத்மஸ்ரீ" தவிர என்ன சொல்லலாம்?

மாடிவீட்டு_மைதிலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஒரு சின்ன வாசகர் வட்டம் இருக்கிறது, மாதம் ஒருமுறை யாராவது ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் பேச வேண்டும். டிசம்பர் 20 சிஸ்டர் சுப்புலட்சுமியின் நினைவு நாள், அதனால் இந்த முறை என் தலையில் கட்டிவிட்டார்கள். (பாட்டு பாடினவங்களா என்று இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை, அவர் வேறு.)

தேடினால் எல்லா இடத்திலும் அதே நாலு வரிதான். 1886ல் மயிலாப்பூரில் பிறந்தார், சின்ன வயதிலேயே விதவையானார், 1911ல் பி.ஏ. முடித்தார், சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை, கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார், 1958ல் பத்மஸ்ரீ, 1969ல் மறைவு. இதை அப்படியே வாசித்தால் ஒரு நிமிஷம்கூட வராது, வந்தாலும் கேட்கிறவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

எனக்கு இதில் ஒரு சொந்த ஆர்வமும் இருக்கிறது. என் பாட்டியின் அக்கா, நாங்கள் பெரிய பாட்டி என்று கூப்பிடுவோம், 1920களின் கடைசியில் அந்த விடுதியில் சேர்ந்து படித்தவர். எட்டு வயதில் கல்யாணம், பத்து வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பெண்கள் பள்ளிகளில் டீச்சராக இருந்து, பென்ஷன் வாங்கி, தன் தம்பி பிள்ளைகள் மூன்று பேரைப் படிக்க வைத்தார். அதில் ஒருவர் என் அப்பாவின் மாமா. விடுதியைப் பற்றி அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை, எனக்கு ஏழு வயதிருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அவருடைய தகரப் பெட்டியும் ஒரு பித்தளை டம்ளரும் இருக்கின்றன. டம்ளர் அடியில் 47 என்று வெட்டியிருக்கிறது, என்ன கணக்கு என்று யாருக்கும் தெரியாது.

கேட்க வந்தது இதுதான். ஒரு தலைமையாசிரியையாக அவர் நாள் முழுக்க என்ன செய்திருப்பார்? இன்னொன்று, என் அண்ணன் பையன் கல்லூரியில் படிக்கிறான், "அது பிராமணப் பெண்களுக்கு மட்டும் நடத்தின விடுதி அத்தை, அதை ஏன் கொண்டாடணும்" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதையும் தவிர்க்காமல் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

பழைய_மெட்ராஸ் எழுதியது:

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகப் போகும், மன்னிக்கவும்.

முதலில் "சின்ன வயதிலேயே விதவையானார்" என்ற வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். பதினோரு வயதில் கல்யாணம், சீக்கிரமே கணவன் இறந்துவிட்டான். அந்தக் காலத்து வழக்கப்படி அடுத்தது தலையை மழித்து, காவியோ வெள்ளையோ கட்டி, ஒரு வேளைச் சாப்பாட்டோடு அடுப்படியில் உட்கார வைப்பது. அப்பா ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர் அதற்குச் சம்மதிக்கவில்லை. மழிக்கவும் விடவில்லை, மூலையில் உட்காரவும் விடவில்லை. வீட்டிலேயே பாடம், பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி, அதற்குப் பிறகு மாநிலக் கல்லூரி. "சிஸ்டர்" என்ற பெயரைக் கேட்டுப் பலர் அவரைக் கிறிஸ்தவர் என்று நினைக்கிறார்கள். அந்தக் கன்னியாஸ்திரீகளைப் போல வாழ்க்கையைச் சேவைக்கே கொடுத்துவிட்டார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது, மதம் மாறியவர் இல்லை.

அடுத்து விடுதி. இது ஏன் விதவைகளுக்கு மட்டும் ஆரம்பித்தது என்று யாரும் சரியாக விளக்குவதில்லை. காரணம் பாதி கருணை, பாதி கணக்கு. அப்போது பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள், அனுப்பினாலும் ஆண் வாத்தியாரிடம் கொஞ்சம் வளர்ந்த பெண்ணை விட மாட்டார்கள். சரி, பெண் டீச்சர் போடலாம் என்றால் படித்த பெண்ணே கிடையாது, ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணம் ஆகிப் புக்ககம் போய்விடுவார்கள். இந்தச் சுழலை உடைக்க அரசாங்கத்துக் கல்வித் துறைக்கு ஒரு வழிதான் தெரிந்தது: புருஷன் வீட்டு வேலையும் பிள்ளைப்பேறும் இல்லாமல், ஊராருக்கு "வேண்டாதவளாக" இருக்கிற ஒரு கூட்டம், அதாவது சிறு வயது விதவைகள். பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற ஐரிஷ்காரப் பெண்மணிக்கு இந்த யோசனை இருந்தது. அதை நடத்திக்காட்ட ஆள் வேண்டும், அதுவும் பெற்றவர்கள் நம்பிப் பெண்ணை விடக்கூடிய ஆள். ஒரு பிராமண விதவை, பட்டதாரி, சொந்த வாழ்க்கையில் ஆசாரம் தவறாதவர். சுப்புலட்சுமியைத் தவிர அப்போது அப்படி யார் இருந்தார்கள்?

எழும்பூரில் தன் வீட்டிலேயே நாலு பெண்களோடு ஆரம்பித்தது. கூடவே இருந்து சமையலும் கண்காணிப்பும் பார்த்துக்கொண்டவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. பேசும்போது இந்தச் சித்தியை விட்டுவிடாதீர்கள், விடுதி நின்றதில் பாதிப் பங்கு அவருடையது. 1912ல் சாரதா மகளிர் சங்கம் என்ற பெண்கள் அமைப்பையும் சிஸ்டர் தொடங்கினார். விடுதி வளர வளர இடம் போதவில்லை, வாடகைக்கு வீடும் கிடைக்கவில்லை, விதவைகள் கும்பலாகக் குடியிருக்கும் வீட்டை யார் கொடுப்பார்கள், காலையில் எதிரில் வந்தால் சகுனத்தடை என்று திரும்பிப் போகிற காலம். கடைசியில் கிடைத்தது கடற்கரை ஐஸ் ஹவுஸ்.

அந்தக் கட்டடத்தின் கதை தனி. 1842ல் டியூடர் கம்பெனி கட்டியது, அமெரிக்காவில் ஏரியில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வைக்கும் கிடங்கு. இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக்கினார், 1897ல் விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். 1917ல் அரசாங்கம் வாங்கியது. இப்போது விவேகானந்தர் இல்லம் என்று போர்டு இருக்கும், சாமானிய ஜனங்களுக்கு அது இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். ஐஸும் இல்லை, விதவைகளும் இல்லை, பேர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது.

1922ல் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் மாதிரிப் பள்ளியும். கவர்னர் மனைவி பெயர். அதன் முதல் பிரின்சிபால் நம் சிஸ்டர். பெண்ணை விடுதியில் சேர்த்து, பள்ளியில் படிக்க வைத்து, அங்கேயே பயிற்சி கொடுத்து, அரசு வேலையில் உட்கார வைப்பது வரை எல்லாம் ஒரே மணல்வெளியில். படிப்பில் கெட்டிக்காரிகள் சிலர் அதே கடற்கரையில் 1914ல் திறந்த குயின் மேரீஸ் கல்லூரிக்கும் போனார்கள்.

---

கறுப்பு_மை எழுதியது:

பழைய மெட்ராஸ் அண்ணன் அழகாக எழுதிவிட்டார், ஆனால் மைதிலி அக்காவின் அண்ணன் பையன் கேட்ட கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

பையன் கேட்டது சரியான கேள்வி. விடுதியின் பெயரே பிராமண விதவைகள் விடுதி. அரசாங்கப் பணம், எல்லோருடைய வரிப்பணம். அதே ஊரில் மற்ற சாதிகளில் படிக்க ஆசைப்பட்ட பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அதே 1886ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் வந்து அடைக்கலம் கேட்டபோது எந்த விடுதியிலும் இடம் கிடைக்காமல், தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒளவை இல்லம் ஆரம்பித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒருவர் இருக்கிற வேலிக்குள்ளே தோட்டம் போட்டார், இன்னொருவர் வேலியைப் பிடுங்கினார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

மறுமணத்துக்காகவும் அவர் மேடை ஏறிப் போராடவில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு டீச்சர் வேலை கொடுத்தீர்கள், சந்தோஷம். அவளுக்கு ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றியிருந்தால்?

சிஸ்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தெய்வமாக்கினால் அவர் நிஜமாக என்ன செய்தார் என்பதே மறைந்துவிடும், அதனால்தான்.

---

பழைய_மெட்ராஸ் எழுதியது:

தம்பி, சுற்றவில்லை, மூச்சு வாங்கினேன் :)

சாதிக் கட்டுப்பாடு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. என் கருத்து என்னவென்றால், அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்களின் அப்பாக்கள் ஒருவர்கூட அனுப்பியிருக்க மாட்டார்கள். தனிச் சமையல், மடி, விரதம் எல்லாம் ஊரில் இருப்பதுபோலவே இங்கேயும் நடக்கும் என்ற உத்தரவாதத்தின் பேரில்தான் பெண்ணை வண்டியேற்றி அனுப்பினார்கள். ஆசாரத்தை அவர் ஒரு முக்காடு மாதிரிப் பயன்படுத்தினார், அதற்குள்ளே அல்ஜீப்ரா நடந்துகொண்டிருந்தது. மறுமண விஷயமும் இதே கதைதான், "அங்கே அனுப்பினால் மறுகல்யாணம் பண்ணிவைத்துவிடுவார்கள்" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் விடுதி மறுநாள் காலி. ஆனால் குழந்தைக் கல்யாணத்துக்கு எதிராக அவர் பேசினார், 1929ல் வந்த சாரதா சட்டத்துக்கு ஆதரவாக நின்றவர்களில் ஒருவர்.

இன்னொன்றும் பாருங்கள். விடுதிக்கு வயது வரம்பு இருந்தது, பதினெட்டைத் தாண்டிய விதவையைச் சேர்க்க முடியாது. அதனால்தான் 1927ல் சாரதா வித்யாலயா, அது பின்னால் ராமகிருஷ்ணா மிஷனிடம் போய் இன்றும் தி.நகரில் நடக்கிறது. ஐஸ் ஹவுஸ் பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். ஓய்வுக்குப் பிறகு 1942ல் வயது வந்த பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம், 1950களில் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் ஆரம்பித்த வித்யா மந்திர் பள்ளியிலும் அவர் கை உண்டு. வேலி என்று நீங்கள் சொன்னீர்களே, ஒவ்வொரு வேலியாகப் பக்கத்தில் ஒரு சந்து வெட்டிக்கொண்டே போன ஆள் அவர்.

---

கறுப்பு_மை எழுதியது:

சந்து வெட்டினது நல்ல உவமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சந்து வழியாக யார் போக முடிந்தது, யாரால் முடியவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. மைதிலி அக்கா, பையனிடம் "நீ கேட்டது சரி" என்றே சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டுப் பேசினால் உங்கள் பேச்சுக்குத்தான் பலம்.

---

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, 11 வருஷம் ஹாஸ்டலோடு சேர்ந்த பெண்கள் பள்ளி நடத்தியவள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். வரலாறு எல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள், மைதிலி முதலில் கேட்டது வேறு: நாள் முழுக்க என்ன செய்திருப்பார்? அதை யாரும் தொடவில்லை. தொட மாட்டார்கள், அது வெளியே தெரியாத வேலை. சிஸ்டரை நான் பார்த்ததில்லை, என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஹாஸ்டல் என்றால் முதல் கவலை தண்ணீர். அடுத்தது அரிசி. மூன்றாவதுதான் படிப்பு. காலையில் எழுந்ததும் யாருக்கு உடம்பு சரியில்லை, எவள் ராத்திரி அழுதாள், மளிகைக்காரன் பாக்கி எவ்வளவு, கிராண்ட் பணம் வந்ததா, இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிரேயர் மணி. நடுவில் ஒரு அப்பா வந்து நிற்பார், "ஊரில் விசேஷம், பெண்ணை நாலு நாள் அனுப்புங்கள்" என்பார். அனுப்பினால் திரும்பி வருவாளா என்று யாருக்கும் தெரியாது. எனக்கே 1990களில் ஒன்பதாவது படித்த ஒரு பெண் பொங்கலுக்குப் போனவள் திரும்பவில்லை, தேடிப் போனபோது கழுத்தில் தாலியோடு வாசலில் வந்து நின்று "டீச்சர், காபி சாப்பிடுறீங்களா" என்று கேட்டாள். 1990களில் இப்படி என்றால் 1915ல் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லீவு முடியும்போதும் அந்தம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு தலை எண்ணியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பயிற்சிக் கல்லூரி என்றால் இன்னொரு தலைவலி. மாதிரிப் பள்ளியில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, பயிற்சி ஆசிரியை பாடம் எடுப்பதைப் பார்க்க வேண்டும், பாடக்குறிப்பைத் திருத்த வேண்டும். பாதிப் பெண்களுக்குக் குரலே வெளியே வராது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிறந்த வீட்டில் "சத்தம் போடாதே, வெளியே தலைகாட்டாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஒரு பெண்ணை 40 பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேச வைப்பது லேசில்லை. என்னிடம் வந்தவர்களுக்கே அதற்கு ஆறு மாதம் ஆகும். மூச்சைப் பிடித்து அடிவயிற்றிலிருந்து பேசச் சொல்லுவேன், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் சுண்ணாம்புக்கட்டியைப் பிடுங்கிவிடுவேன். ஐஸ் ஹவுஸில் ஒரு வசதி, எதிரில் கடல். அலைச் சத்தத்தை மீறிக் கத்திப் பழகினால் எந்த வகுப்பையும் சமாளிக்கலாம் :)

மைதிலி, அந்த 47ஐப் பற்றி எனக்குத் தோன்றுவது இது. ஹாஸ்டலில் சேரும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நம்பர் கொடுப்பது பழைய வழக்கம். தட்டு, டம்ளர், புடவை, பாய், பெட்டி எல்லாவற்றிலும் அதே நம்பர் போட்டுவிடுவோம், இல்லையென்றால் சலவைக்குப் போன துணிக்குத் தினமும் சண்டை வரும். டம்ளரில் பேர் வெட்டினால் கூலி எழுத்துக்கு எழுத்து ஏறும், நம்பர் என்றால் மலிவு. பெட்டியில் தேடிப்பாருங்கள், வெளியே இருக்காது, மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள்.

---

கடலோரம் எழுதியது:

விவேகானந்தர் இல்லத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள், உள்ளே கண்காட்சி நன்றாக இருக்கும். அங்கே போகிறவர்கள் விவேகானந்தரைப் பற்றித்தான் பார்ப்பார்கள். அவர் தங்கியது ஒன்பது நாள். இந்தப் பெண்கள் இருந்தது இருபது வருஷத்துக்கும் மேல். நான் சாமியாரைக் குறை சொல்லவில்லை, கணக்கைச் சொன்னேன்.

திங்கட்கிழமை போகாதீர்கள், எனக்குப் பூட்டியிருந்தது. நேரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

---

மாடிவீட்டு_மைதிலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, பதில் போட நாலு நாள் ஆகிவிட்டது, பெட்டி பரணில் இருந்தது, இறக்க ஆள் வேண்டியிருந்தது.

கறுப்பு மை, பையனிடம் நீங்கள் சொன்னபடியே "நீ கேட்டது சரி" என்றேன். அவன் கொஞ்சம் ஏமாந்த மாதிரி தெரிந்தது, சண்டைக்குத் தயாராக வந்திருந்தான் போல. பிறகு அவனே முத்துலட்சுமி ரெட்டி பற்றித் தேடிப் படித்துவிட்டு, அடுத்த மாதம் அவரைப் பற்றி நான் பேசுகிறேன் என்று வாசகர் வட்டத்தில் பேர் கொடுத்துவிட்டான். எனக்கு ஒரு மாத வேலை மிச்சம்.

என் பேச்சைச் சித்தி வாலாம்பாளில் ஆரம்பிக்கப் போகிறேன், பிறகு மிஸ் லிஞ்சின் கணக்கு, பிறகு சாதி, பிறகு சுண்ணாம்புக்கட்டி டீச்சர் சொன்ன அந்த வாசல். பத்மஸ்ரீயைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன், நேரம் இருந்தால். பெரிய பாட்டியைப் பற்றி எனக்கு இப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள், அவர் மட்டும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி பேசுவார். காது மந்தம் அதனால்தான் என்று நாங்கள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சுண்ணாம்புக்கட்டி டீச்சர், மூடியைத் திறந்து பார்த்தோம். உள்பக்கம் துரு, அதன் மேல் யாரோ பின்னால் ஒட்டிய முருகன் காலண்டர் படம். படத்தை மெதுவாக உரித்ததும் கீழே வெள்ளை பெயிண்டில் 47. அண்ணன் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ 46 பேர் எங்கே அத்தை?" என்று கேட்டான்.

---

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

அந்தப் பெயிண்டைத் துடைத்துவிடாதீர்கள். துரு பரவாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள், நம்பர் மேல் படாமல்.